மஞ்சள் கடுதாசிக்கு ஒரு வழக்கறிஞர் அலுவலகம்: நெல்லை அனுபவம்

எங்கள் அத்தான் வாழைத்தார் மொத்த வியாபாரி. தார் தள்ளும் முன்பே சேரன்மகாதேவிப் பக்கத்துத் தோட்டங்களை விலைபேசி, வட்டிக்கு வாங்கிய பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டுக் காற்றையும் ஆற்றையும் நம்பிக் காத்திருப்பதே அவர் தொழில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தோட்டங்கள் போயின. விட்டதைப் பிடிக்கப் பங்குச்சந்தையில் ஆப்ஷன் வணிகத்தில், அதாவது பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று ஊகித்துப் பணம் போடும் ஒப்பந்தங்களில், இறங்கியதில் மிச்சமும் போயிற்று. திவால் மனுவைத் தவிர வேறு வழியில்லை என்றானபின், பாளையங்கோட்டையில் அத்தகைய வழக்குகளை நடத்தும் ஓர் அலுவலகத்தை நாடினோம்.

நெல்லைப் பக்கம் தனிநபர்களுக்கு இன்றும் நடைமுறையில் இருப்பது, கடன் 500 ரூபாய் இருந்தாலே கடனாளி மனுச் செய்யலாம் என்னும் 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்பு நிலை (திவால்) சட்டந்தான். மனுவை எவரும் எழுதித் தருவார்கள். இந்த அலுவலகத்தார் வாங்கும் கட்டணத்துக்கு நியாயம், அச்சட்டத்தின் 42ஆம் பிரிவை முதல் நாளே எடுத்துவைத்துப் பேசியதில் இருக்கிறது. கண்மூடித்தனமான ஊக வணிகத்தாலோ சூதாட்டத்தாலோ ஒருவர் நொடித்திருந்தால், அவருக்குக் கடன்களிலிருந்து முழு விடுவிப்பை நீதிமன்றம் மறுத்தாக வேண்டும் என்கிறது அப்பிரிவு. எது தொழில் துணிச்சல், எது கண்மூடித்தனம் என்பதோ நீதிபதியின் பார்வையில் இருக்கிறது. அந்தப் பார்வை விழுவதும் பணம் போன பிறகுதான். ஊகமாகப் பங்கு வாங்கி விற்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் ஏற்ற நன்னடத்தை நெறிகள் உயர் நீதிபதிகளை அவ்வணிகத்திலிருந்தே விலக்கி வைத்திருக்கின்றன. அந்த விலக்கு சரியானதே. ஆனால் மாதச் சம்பளத்தில் வாழும் நீதிபதியின் கண்ணுக்கு முன்பண வியாபாரமும் சீட்டாட்டமும் ஒன்றுபோலத் தெரிய வாய்ப்பு உண்டென்று எனக்குப் படுகிறது.

வழக்கறிஞர் நீதிபதியின் மனத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. லாபம் வந்த ஆண்டுகளின் பற்றுவரவு நோட்டுகளையும் கொண்டுவரச் சொல்லி, வாழைக்கணக்கை ஒரு கோப்பாகவும் ஆப்ஷன் கணக்கை வேறொரு கோப்பாகவும் பிரித்தார். இரண்டாவதை மறைத்துவிடலாமே என்று அத்தான் கேட்டபோது கண்டிப்பாக மறுத்துவிட்டார். மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷன் உள்ளிட்ட ஊக ஒப்பந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டதாகப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டி, இதை நியாயப்படுத்த முயன்றால் வாழைக்கணக்கும் சேர்ந்து கெடும் என்றார். விசாரணையில் கேள்விகள் வந்தபோது, வெள்ளத்தில் போனது எவ்வளவு, சந்தையில் போனது எவ்வளவு என்று அத்தானால் தடுமாறாமல் சொல்ல முடிந்தது.

குறைகளும் உண்டு. கட்டணத்துக்கு ரசீது கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். வாய்தா தள்ளிப்போனதை யாரும் தெரிவிக்காததால் களக்காட்டிலிருந்து இருமுறை வீணாக வந்து திரும்பினோம். சொத்து மறைக்கும் எண்ணத்தோடு போகிறவர்களுக்கு இந்த அலுவலகம் ஒத்துவராது. விடுவிப்பு மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது; அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள் குமாஸ்தாவுக்கு நானே போன் செய்துகொள்வதாக இருக்கிறேன்.