இரு பாதிகளுக்கு நடுவே சொட்டும் நீர்: இ-ஹவுஸ் ஒன்றுடன் ஆறு ஆண்டுகள்

வேறொரு ஆலையில் மின்பராமரிப்பைக் கவனிக்கும் நண்பர், தங்கள் விரிவாக்கத்தின் மின் அறைக்குக் கட்டடம் எழுப்புவதா, இ-ஹவுஸ் (மின்கருவிகளைப் பொருத்தித் தயாரிப்பாளரே முழுதாகச் செய்து அனுப்பும் இரும்பு அறை) வாங்குவதா என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டார். ஆறு ஆண்டுகளாக ஒன்றை வைத்திருப்பவனிடம் தயாராக ஒரு பதில் இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஆலை முழுவதையும் நிறுத்தி, அந்த இ-ஹவுஸில் இருக்கும் 11 கிலோவோல்ட் பேனலில் பஸ்பார் (மின்சாரத்தைப் பகிரும் தடித்த செப்புப் பட்டை) இருக்கும் பகுதியைத் திறந்து, ஈரத்தைத் துடைத்து, பச்சை பூத்திருந்த செப்பு இணைப்புகளைச் சுத்தம் செய்து மூடிவிட்டு வந்திருந்தேன்.

எங்களுடையது இரண்டு துண்டுகளாக வந்து இறங்கியது. லாரியில் ஏற்றக்கூடிய அகலத்துக்கும் நீளத்துக்கும் எல்லை உண்டு என்பதால் பெரிய இ-ஹவுஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. கிரேன் இறக்கி வைத்த இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு இறுக்கி, நடுவில் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் வைத்து, கூரையில் அந்த இணைப்பின் மேல் நீளவாக்கில் ஒரு தகட்டு மூடியைக் கவிழ்த்துவிடுவார்கள். உள்ளே ஸ்விட்ச்கியர் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பேனல்கள்) வரிசையும் அதே கோட்டில்தான் இரண்டாகப் பிரிந்து வருகிறது. பஸ்பாரைத் தளத்தில் இணைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, அறையின் கூரையிலும் சுவரிலும் எந்த இடம் மிகவும் பலவீனமானதோ, அதற்கு நேர் கீழே மின்சாரத்தைப் பொறுத்தவரை எந்த இடம் மிகவும் நுட்பமானதோ அது அமர்ந்திருக்கிறது. இந்த ஏற்பாட்டை முதலில் வரைந்தவர் அதன் கீழே ஒரு மழைக்கால இரவில் நின்று பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

குறை சொல்லத் தொடங்கும் முன், நியாயமாகச் சொல்லியாக வேண்டிய சில உண்டு. பேனல்கள், மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள், பேட்டரி, தீ எச்சரிக்கை அமைப்பு ஆகிய அனைத்தும் தயாரிப்பாளரின் கூடத்திலேயே பொருத்தப்பட்டு, ஒயரிங் முடிந்து, எங்கள் கண் முன்னே சோதிக்கப்பட்டன. தவறான வரிசையில் இயக்க விடாமல் தடுக்கும் இன்டர்லாக்கில் மூன்று பிழைகளை அங்கேயே கண்டுபிடித்துத் திருத்தினோம். அவை எங்கள் தளத்தில் வெளிப்பட்டிருந்தால் கமிஷனிங், அதாவது சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் வேலை, பல நாட்கள் தள்ளிப் போயிருக்கும். அடித்தளத் தூண்கள் இங்கே எழும்பிய அதே காலத்தில் அறை அங்கே தயாராகிக்கொண்டிருந்ததால் மிச்சமான காலத்தையும் மறுக்க முடியாது.

நான் சற்றும் எதிர்பாராத மகிழ்ச்சி தரையின் அடியில் கிடைத்தது. அறை ஆளுயரத்துக்கு மேல் தூண்களில் நிற்கிறது. எல்லாக் கேபிள்களும் அடிவழியாக ஏறுகின்றன. பழைய மின் அறையில் கேபிள் பள்ளத்தின் மூடிகளைக் கடப்பாரையால் நெம்பி, தேங்கிய நீரை இறைத்து, எலி கடித்த இடத்தைத் தேடிய எனக்கு, நிமிர்ந்து நடந்தபடியே ஒவ்வொரு கேபிளையும் தொட்டுப் பார்க்க முடிவது இன்றும் ஒரு சுகம். கேபிள் நுழையும் இடங்களில் ரப்பர் கட்டைகளை அடுக்கி இறுக்கும் சட்டங்கள் இருப்பதால், ஆறு ஆண்டுகளில் ஓர் எலிகூட உள்ளே வரவில்லை. கதவுகள், வெளிச்சம், பெயின்ட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கின்றன.

இனி அந்தச் சொட்டு. இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில், நடுப் பேனலின் மேற்தகட்டில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மழை பெய்கிறது, கூரை இணைப்பு ஒழுகுகிறது என்று யாரும் யோசிக்காமலே முடிவு செய்தோம். தயாரிப்பாளரின் ஆட்கள் வந்து தகட்டு மூடியின் விளிம்பு முழுவதும் சீலண்ட் பூசினார்கள். அடுத்த மழைக்கு மீண்டும் சொட்டியது. நாங்களே ஏறி இன்னொரு பூச்சுப் பூசினோம். மூன்றாம் முறை மூடியின் இரு முனைகளையும் இடைவெளியே இல்லாமல் அடைத்தோம். அதன்பின் சொட்டு அதிகமானது. பேனலுக்கு மேலே ஒரு தகரத் தொட்டியைக் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயைச் சுவரோரம் இறக்கி, அதன் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு மூன்று ஆண்டுகளைக் கடத்தினோம். இத்தனை நுட்பமான கருவிகள் நிறைந்த அறையில் நாங்கள் தவறாமல் பதிவு செய்த ஒரே அளவீடு வாளியின் நீர் மட்டம்தான்.

இந்த ஆண்டு பேனலுக்குள்ளிருந்து ஈரத்தில் மின்சாரம் கசியும் மெல்லிய சீறல் ஒலி கேட்கத் தொடங்கிய பிறகுதான் நான் பொறுமையிழந்தேன். ஒரு வறண்ட பிற்பகலில் கூரை மேல் குழாயைப் பிடித்து அரை மணி நேரம் நீர் பாய்ச்சச் செய்து, கீழே டார்ச்சுடன் நின்றேன். ஒரு துளிகூட இறங்கவில்லை. ஆனால் நான்கு நாள் கழித்து, மழையே இல்லாத ஒரு புழுக்கமான விடியற்காலையில் வாளியில் நீர் இருந்தது.

அது மழைநீரே அல்ல, காற்றிலிருந்து வந்த நீர். வெளியே 30 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று ஏறத்தாழ 27 டிகிரிக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராகப் படியும். சுவரிலும் கூரையிலும் வெப்பத்தைத் தடுக்கும் ராக் வூல் என்ற கனிமப் பஞ்சை நிரப்பியிருக்கிறார்கள். இணைப்பில் மட்டும் உள்ளும் வெளியுமாக ஒரே இரும்புச் சட்டம் ஓடுகிறது. இரும்பு ராக் வூலைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஏசி உள்ளிருந்து குளிர்விக்கும் அந்தச் சட்டத்தின் மேல், தகட்டு மூடிக்கு அடியிலுள்ள பொந்தில், ஈரக் காற்று புகுந்து நீராகிறது. மழை நாளில் ஈரப்பதமும் ஏறுவதால், பழி மழையின் மேல் விழுந்தது.

எங்கள் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்படி ஒரு விசிறி வைத்திருந்தார்கள். 25 பாஸ்கல், அதாவது 2.5 மில்லிமீட்டர் நீர் உயரம் அளவுக்கான சிறிய அழுத்தம்தான். அது இருந்தால் உலர்ந்த காற்று இடுக்குகள் வழியே வெளியேறும், ஈரக் காற்று உள்ளே வராது. வடிகட்டி அடைத்துக்கொண்டதும் யாரோ விசிறியை நிறுத்தியிருக்கிறார்கள். சுழியத்தில் கிடந்த அழுத்தமானி முள்ளை நான் உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை. டிரைவ்களின் வெப்பத்துக்காக ஏசி தேவைதான். 500 கிலோவாட் டிரைவ் ஒன்றே முழுச் சுமையில் சுமார் 15 கிலோவாட் வெப்பத்தை அறையில் விடுவதால், அதற்கு மட்டுமே நான்கு டன்னுக்கு மேல் குளிரூட்டல் வேண்டும். ஆனால் அதை 18 டிகிரியில் வைத்தது கருவிகளுக்காக அன்று, வெயிலிலிருந்து வந்து அங்கே இளைப்பாறும் எங்கள் ஆட்களுக்காக. ஸ்விட்ச்கியருக்கான சர்வதேச ஐஇசி தரம் 40 டிகிரி வரை அனுமதிக்கிறது. பேட்டரிக்காக 25 டிகிரி போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடியின் முனைகளில் நாங்கள் அடைத்தவை அந்தப் பொந்தில் சேரும் நீர் வெளியே வடிவதற்காக விடப்பட்ட துளைகள். வெளிவழியை நாங்களே மூடிவிட்டதால் நீர் உள்வழியைத் தேடிக்கொண்டது.

இருந்தாலும் கோபம் முழுவதும் தணியவில்லை. அந்தத் துளைகளைப் பற்றி அவர்கள் தந்த கையேட்டில் ஒரு வரி இல்லை. சீலண்ட் பூச வந்த அவர்களுடைய ஆட்களுக்கே அது தெரியவில்லை. கேட்டபோதெல்லாம், தூசியும் நீரும் உள்ளே புகாமல் தடுக்கும் அளவைச் சொல்லும் ஐபி55 சான்றிதழைக் காட்டினார்கள். முதல் 5 தூசியைப் பற்றியது. இரண்டாவது 5, 6.3 மில்லிமீட்டர் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டராகப் பீய்ச்சும் நீரைப் பற்றியது. அந்தச் சோதனையில் எங்கள் அறை இன்றும் தேறும், என் குழாய்ச் சோதனையில் தேறியதைப் போலவே. உள்ளேயே பிறக்கும் நீரைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. இணைப்புச் சட்டத்தின் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் ஒரு பட்டையை வைத்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

இப்போது விசிறி ஓடுகிறது, துளைகள் திறந்திருக்கின்றன, ஏசி 25 டிகிரியில் நிற்கிறது, ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். இரண்டு வாரமாக வாளி காய்ந்திருக்கிறது. நண்பருக்குக் கட்டடமே எழுப்புங்கள் என்று பதில் எழுதினேன். கட்டாயம் இ-ஹவுஸ்தான் என்றால், ஒற்றைத் துண்டாக வருகிற அளவில் வாங்குங்கள். முடியாவிட்டால் இணைப்பின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்டு, வடிகால் துளையை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள் என்றும் சேர்த்தேன். அவர் உடனே கூப்பிட்டு, நான் அடுக்கிய குறைகளில் பாதிக்கு மேல் எங்கள் ஆலையின் கைவேலைதானே, பாராட்டியது முழுவதும் அறையைத்தானே என்றார். கணக்கு சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். பதிலை மட்டும் மாற்றவில்லை.