ஏற்றுமதி வேலைக்கு எம்.பி.ஏ.வா, சர்டிபிகேட் போதுமா?

ஏற்றுமதித் துறைக்கு வர நினைக்கும் பட்டதாரிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்டர்நேஷனல் பிசினஸில் இரண்டு வருட முழுநேர எம்.பி.ஏ. இன்னொன்று, திருப்பூரில் ஏதாவது எக்ஸ்போர்ட் கம்பெனியின் டாக்குமெண்டேஷன் பிரிவில் சேர்ந்துகொண்டு, வார இறுதியில் ஏற்றுமதி மேலாண்மை சர்டிபிகேட் படிப்பது. நான் போனது இரண்டாவது வழியில். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டாம். அதில் கடன், இதில் சம்பளம். 1963-ல் தொடங்கிய ஐ.ஐ.எஃப்.டி.யில் (இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கல்வி நிறுவனம்) இடம் கிடைத்தால் யோசிக்காமல் போய்ச் சேருங்கள். நான் ஒப்பிடுவது பக்கத்து ஊர்க் கல்லூரி எம்.பி.ஏ.வோடு.

முடிவைத் தீர்மானிப்பது எல்.சி.தான் (லெட்டர் ஆஃப் கிரெடிட்): கேட்ட பேப்பரெல்லாம் சரியாக வந்தால் பணம் தருகிறோம் என்று பையரின் வங்கி எழுதிக் கொடுக்கும் உறுதி. வகுப்பில் அது அம்புக்குறி போட்ட ஒரு படம்: பையர், அவர் வங்கி, நம் வங்கி, நாம். வேலையில் அது 46ஏ, 47ஏ என்று எண் போட்டு வரும் நிபந்தனைகள். எல்.சி.க்கான உலகப் பொது விதித் தொகுப்பான யு.சி.பி. 600-ன்படி வங்கி பேப்பரைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது. டி-ஷர்ட் எவ்வளவு தரமாக இருந்தாலும் சரி, இன்வாய்ஸில் இருக்கும் சரக்கு விவரம் எல்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் அது டிஸ்க்ரிபன்சி, அதாவது பணத்தை நிறுத்தக்கூடிய பிழை. பேக்கிங் லிஸ்டில் பொதுவாக எழுதலாம், முரண்படாமல் இருந்தால் போதும். இன்வாய்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. எல்.சி. வேறு கெடு சொல்லாவிட்டால் கப்பலேறி 21 நாளுக்குள், எல்.சி. காலாவதியாகும் முன்பே, பேப்பரை வங்கியில் கொடுத்தாக வேண்டும். பிழை பிடிபட்டால் பணம் நிற்கும். அப்புறம் பையர் சாவகாசமாக டிஸ்கவுண்ட் கேட்பார்.

பிழையைப் பிடிக்கும் இந்தக் கண், ஃபார்வர்டர் (சரக்கைக் கப்பலில் அனுப்பித் தரும் ஏஜென்ட்) அனுப்பும் பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் சரக்கு ரசீது) டிராஃப்டை வரி வரியாகத் திருத்தித் திருத்தித்தான் வரும். சர்டிபிகேட் வகுப்பு அதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொல்லும். உதாரணமாக, கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏறும் வரை பொறுப்பு நம்முடையது) வேண்டாம், எஃப்.சி.ஏ. (பையர் சொன்ன கேரியரிடம் ஒப்படைத்ததோடு நம் பொறுப்பு முடியும்) போடுங்கள் என்கிறது, விற்பவர், வாங்குபவர் பொறுப்பைப் பிரிக்கும் விதித் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020. ஊரில் இன்னும் தூத்துக்குடி எஃப்.ஓ.பி. என்றுதான் விலை சொல்கிறார்கள். கன்டெய்னர் யார்டில் சரக்கு நனைந்தால் நஷ்டம் யார் தலையில் என்று யோசித்தவருக்கு இந்த வித்தியாசம் புரியும். காலையில் வகுப்பில் கேட்டதை மறுநாளே மேஜையில் பார்க்கலாம் என்பதுதான் இந்த வழியின் லாபம்.

எம்.பி.ஏ. ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, பேப்பர் வேலை மட்டும் தெரிந்தவரிடம் பதில் இல்லை. வரியில் எவ்வளவு பங்கை நாம் சுமப்பது, வரப்போகும் டாலருக்கு இன்றே எந்த விலையை உறுதி செய்துகொள்வது, 2022-ல் இந்தியாவோடு வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்த அமீரகம், ஆஸ்திரேலியா பக்கம் திரும்பினால் கட்டுப்படியாகுமா என்றெல்லாம் கணக்குப் போட அந்தப் படிப்பு பழக்கும். சர்டிபிகேட்டில் இதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

துபாய், சிங்கப்பூர் கம்பெனிகளில் நான் வேலை பார்த்ததில்லை. போனவர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அங்கே இன்டர்வியூவுக்குக் கூப்பிட டிகிரியைப் பார்க்கிறார்கள். அதனால் வெளிநாடுதான் இலக்கு என்பவருக்கு என் சிபாரிசு அவ்வளவு உறுதியானதல்ல. வேலையில் கொஞ்சம் ஊறிவிட்டு எம்.பி.ஏ.வுக்குப் போவது அவர்களுக்கு ஒத்துவரலாம். எந்தக் கல்லூரியானாலும் சேரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: பெயர் மறைத்த நிஜ எல்.சி. ஒன்றைக் கையில் கொடுத்து, அதற்கான முழு பேப்பர் செட்டையும் மாணவர்களைத் தயாரிக்க வைக்கிறார்களா?