தடை ஒரே நாளில், விசாரணை எப்போதோ: வழித்தட வழக்கு நடத்துவோர் கவனத்துக்கு

காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் வழித்தடத்துக்காகவும் கிணற்றுப் பங்குக்காகவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருக்கும் விவசாயக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வழக்கில் எதிர்த்தரப்புக்குத் தாராளமாகக் கிடைத்த வாய்தா (விசாரணையைத் தள்ளிவைப்பது) எங்களுக்கு மறுக்கப்பட்டது என்பது எங்கள் தரப்புக் குற்றச்சாட்டு. சரியா தவறா என்று முடிவு சொல்ல வேண்டியது மேல் நீதிமன்றம்.

எங்கள் தென்னந்தோப்புக்குப் போகும் இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப் பாதை) தமக்கே சொந்தம் என்று பக்கத்துத் தோட்டக்காரர் வழக்குப் போட்டு, எங்களுக்கு அறிவிப்பு வருவதற்கு முன்பே, நாங்கள் அதில் வண்டி ஓட்டக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டார். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேளாமல் தடை வழங்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அப்படி வழங்கிய மனுவை 30 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்றும், முடியாவிட்டால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 3அ கூறுகிறது. நாங்கள் எதிருரை தாக்கல் செய்த பிறகும் வாதி ஊரில் இல்லை, வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை, ஆவணம் தேடுகிறோம் என்று வாய்தா மேல் வாய்தா கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் வாய்தாவும் கிடைத்தது, தடையும் நீண்டது. வெட்டிய காயை ஆள் வைத்துத் தலைச்சுமையாகத் தார் ரோடு வரை சுமந்தோம்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு சாட்சி. இட்டேரிகள் பெரும்பாலும் பத்திரத்தில் எழுதப்படாமல், தலைமுறைகளாகப் புழக்கத்தில் இருந்து வருபவை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தனியார் நிலத்து வழியை உரிமையாகக் கருதி 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றிப் பயன்படுத்தியதை நிரூபிக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் ஊர்ப் பெரியவர்கள்தான். எங்களுக்காகச் சாட்சி சொல்வதாக இருந்த பெரியவர் ஒருவர் இந்த வாய்தாக்களுக்கு நடுவிலேயே காலமாகிவிட்டார். அவர் நேரில் கண்டதை இனி யார் வந்து சொல்ல முடியும்?

பிறகு எங்கள் வழக்கறிஞர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, மருத்துவச் சான்றோடு ஒரே ஒரு வாய்தா கேட்டோம். அது மறுக்கப்பட்டது. எங்கள் வாதத்தைக் கேளாமலேயே தடை உறுதியாக்கப்பட்டது. உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கிப் பார்த்தால் 'இருதரப்பும் கேட்கப்பட்டது' என்று இருந்தது. சாட்சி விசாரணையே தொடங்காத நிலையில், எங்களுக்குப் பாதை உரிமை கிடையாது என்று திறந்த நீதிமன்றத்தில் நீதிபதி சொன்ன சொற்களோ எந்தப் பதிவிலும் இல்லை. எதிராக உத்தரவு வந்ததாலேயே பாரபட்சம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தரப்புக்குத் தாராளமாகக் கிடைத்த வாய்தா மறு தரப்புக்கு ஒருமுறைகூடக் கிடைக்காததையே குறை கூறுகிறேன்.

ஆகவே ஒவ்வொரு வாய்தாவுக்கும் உங்கள் ஆட்சேபத்தை எழுத்து மூலமாகத் தாக்கல் செய்ய வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். உத்தரவு வந்த உடனே நகல் மனு போடுங்கள். நகல் தயாராக ஆகும் காலம் மேல்முறையீட்டுக் கெடுவில் கழிக்கப்படும். இடைக்காலத் தடை மனு 30 நாட்களில் முடியாவிட்டால், அது முடியும்வரை காத்திராமல் மேல்முறையீடு செய்யலாம் என்று வெங்கடசுப்பையா நாயுடு எதிர் செல்லப்பன் வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மூல வழக்கிலேயே நீங்கள் ஆஜராகவில்லை என்று ஒருதலைத் தீர்ப்பாணை வந்துவிட்டால் அதை ரத்து செய்யக் கோரும் மனுவுக்குக் கெடு 30 நாட்கள். வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 24இன் கீழ் மாவட்ட நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுகலாம்.

நீதிபதி மீது புகார் கொடுத்தால் அவமதிப்பு வழக்கு வரும் என்று எங்களைப் பலரும் பயமுறுத்தினார்கள். கீழமை நீதிமன்ற நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்திடம் தெரிவிக்கும் புகார் அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு தெருவில் பேசுவதற்கோ பெயர் போட்டுப் பரப்புவதற்கோ கிடையாது. வழக்குச் செலவுக்கு வழியில்லாத பெண்கள், வருமான வரம்பு இல்லாமலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேட்கலாம். எங்கள் அத்தைக்கு அப்படித்தான் வழக்கறிஞர் கிடைத்தார்.

வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரும் எங்கள் மனு இப்போது நிலுவையில் இருக்கிறது. அதனால்தான் நீதிமன்றத்தின் பெயரையோ நீதிபதியின் பெயரையோ நான் எழுதவில்லை. தெரிந்தவர்களும் அதை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.