பெலோமோ 10 மடங்கு கைவில்லை: வெள்ளிக் கல் தேடுபவருக்கு எதைக் காட்டும், எதைக் காட்டாது

கிணறு வெட்டும்போது கல்லொன்று மினுங்கினால் வன்னியில் முதலில் நடப்பது, போனில் படம் எடுத்து "இது வெள்ளியா?" என்று நாலு பேருக்கு அனுப்புவது. படத்தை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. கல்லைக் கையில் வாங்கி, உடைத்து, வில்லைக்குள் பார்த்தால் அரை நிமிடத்தில் பாதிப் பதில் வந்துவிடும். அதற்கு எந்த வில்லை வாங்குவது என்று கேட்டால், பெலாரஸ் நாட்டில் செய்யப்படும் பெலோமோ 10 மடங்கு மடிப்பு வில்லையைத் துணிந்து சொல்லலாம். வெளிநாட்டு இணையக் கடைகளில் 30 முதல் 45 டொலர் வரை போகிறது. தபாலும் சுங்கமும் தனி.

இது மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வில்லை. குறுக்களவு 21 மில்லிமீற்றர். ஒற்றைக் கண்ணாடி வில்லையில் நடுப்பகுதி மட்டும் தெளிவாக இருக்கும். ஓரம் வளைந்து, கறுப்பு மணிகளைச் சுற்றி நீலமும் செம்மஞ்சளுமாக நிறக் கோடு விழும். மூன்று கண்ணாடி சேரும்போது அந்த இரண்டு கோளாறும் பெருமளவு அடங்கிவிடுகின்றன. கனிமம் பார்ப்பவருக்கு இது சின்ன விசயமில்லை. ஒரு மணி சாம்பலா, நீலங்கலந்த கறுப்பா, விளிம்பில் சிவப்புத் தட்டுகிறதா என்பதை வைத்துத்தான் பெயரே முடிவாகிறது. வில்லையே நிறத்தைக் கூட்டிக் காட்டினால் அந்த முடிவு பிழைத்துப்போகும்.

விலை குறைந்த போலிகளில் "30 மடங்கு, 21 மில்லிமீற்றர்" என்று பொறித்திருப்பார்கள். பொறித்திருப்பதை நம்பவேண்டாம், வீட்டிலேயே அளக்கலாம். அறைக்குள் நின்று, யன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் தென்னையைப் பார்த்தபடி வில்லையைப் பிடியுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால், தென்னை தலைகீழாகத் தாளில் கூர்மையாக விழும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் வில்லையின் நடுவிலிருந்து தாள் வரை அடிமட்டத்தால் அளந்து, 250ஐ அந்த மில்லிமீற்றர் கணக்கால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் கிடைக்கும். 25 வந்தால் 10 மடங்கு. 40 வந்தால் ஆறு மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். உண்மையான 30 மடங்கு வில்லைக்கு 8 மில்லிமீற்றர்தான் வரவேண்டும். அந்தத் தூரத்துக்கு வில்லையும் ஒரு மிளகு அளவுக்கு வந்துவிடும். 21 மில்லிமீற்றர் அகலத்தில் 30 மடங்கு என்பது பெட்டியில் மட்டும் இருக்கும் கதை.

20 மடங்கு வாங்கினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வெளிக்களத்துக்கு அது தொல்லை. கல்லை 12 மில்லிமீற்றருக்குள் கொண்டுவர வேண்டும், மூக்கின் நிழலே விழுந்துவிடும். உடைத்த கல்லின் மேடு பள்ளத்தில் ஒரு மேடு மட்டும் தெளியும், மற்றதெல்லாம் புகை. முதல் வில்லை 10 மடங்காகவே இருக்கட்டும்.

பிடிக்கும் முறை தெரியாமல்தான் பலர் "ஒன்றும் தெரியவில்லை" என்று வில்லையைத் திருப்பி வைக்கிறார்கள். பேப்பர் வாசிப்பதுபோல் வில்லையைக் கல்லுக்கு மேலே பிடித்துத் தூரத்தில் நின்று பார்க்கக்கூடாது. வில்லையைப் புருவத்தோடு ஒட்டிப் பிடித்து, கையைக் கன்னத்தில் ஊன்றி, கல்லை வில்லையை நோக்கிக் கொண்டுவாருங்கள். வெயில் தோளுக்கு மேலாகக் கல்லில் விழவேண்டும். மற்றக் கண்ணை மூடவேண்டாம், மூடினால் பத்து நிமிடத்தில் தலைவலி வரும். கல்லின் பழைய முகத்தைப் பார்ப்பதில் பயனில்லை. உடைத்த புது முகத்தை முதலில் காயவிட்டும், பிறகு தண்ணீர் தொட்டும் இரண்டு தரம் பாருங்கள். பட்டைகள் ஈரத்தில் எழும்பித் தெரியும், உலோக மினுக்கம் காய்ந்த முகத்தில்தான் சரியாகத் தெரியும்.

இனி வெள்ளிக்கு வருவோம். இங்கே பேசுவது எப்பிதேமல் நாளங்களை, அதாவது எரிமலைப் பகுதிகளில் ஏறத்தாழ ஒன்று ஒன்றரைக் கிலோமீற்றருக்குள், 150 முதல் 300 பாகை செல்சியசு வரையான சுடுநீர் பாறை வெடிப்புகளில் ஏறிவந்து விட்டுப்போன குவாட்ஸ் நாளங்களை. மெக்சிக்கோவின் குவானகுவாட்டோ, பச்சூக்கா, பிரெஸ்னில்லோ எல்லாம் இந்த வகை. இவற்றைத் தேடுபவர் வில்லைக்குள் முதலில் பார்ப்பது வெள்ளியை அல்ல, குவாட்ஸின் உருவத்தை. வெட்டிய வெங்காயம்போல் மெல்லிய பட்டை மேல் பட்டையாக இருக்கிறதா? சீப்புப் பல்போல் படிகங்கள் இரு சுவரிலிருந்தும் நடுவை நோக்கி வளர்ந்திருக்கின்றனவா? எல்லாவற்றிலும் பெறுமதியானது இன்னொன்று: நொறுக்கிய அப்பளத் துண்டுகள் குறுக்கும் நெடுக்கும் குத்தி நிற்பதுபோல் மெல்லிய தகடுகள், இடையிடையே வெற்றிடம். அந்தத் தகடுகள் முதலில் கல்சைற்று என்ற சுண்ணக் கனிமமாக வளர்ந்து, பின்னர் குவாட்ஸாக மாறியவை. கல்சைற்று இப்படித் தகடாக வளர்ந்தால் அந்த இடத்தில் சுடுநீர் கொதித்திருக்கிறது என்று பொருள். கொதித்த மட்டத்திலும் அதை அண்டியும்தான் வெள்ளியும் பொன்னும் இறங்கியிருக்கும். இந்த அடையாளங்களுக்கு 10 மடங்கு போதும், சில நேரம் வெறுங்கண்ணே போதும்.

அடுத்தது கறுப்புப் பட்டை. யப்பானியர் இதை ஜின்குரோ, அதாவது "வெள்ளிக் கறுப்பு" என்பார்கள். வெள்ளி நாளத்தில் வெள்ளி வெள்ளையாக இருப்பது அபூர்வம். நெவாடாவின் கொம்ஸ்ரொக்கில் 1859இல் பொன் அரித்தவர்கள், சல்லடையை அடைத்த நீலக் கறுப்புச் சேற்றைத் தொல்லை என்று அள்ளி எறிந்தார்கள். பிறகு சோதித்துப் பார்த்தபோது அதுதான் பெருமதிப்பான வெள்ளிச் சல்பைட்டு என்று தெரிந்தது. மினுங்குவதை எடுத்துக் கறுப்பை எறியும் பழக்கம் நம்மிடமும் உண்டு.

கறுப்பு மணியைக் கண்டால் வில்லையோடு ஒரு பேனாக்கத்தி முனையும் வேண்டும். வில்லைக்குள் பார்த்தபடியே முனையால் மெல்லச் சீவுங்கள். அகந்தைட் என்றால் தூள் பறக்காது. மெழுகைச் சீவியதுபோல் சுருள் வரும், சீவிய தடம் ஈயம்போல் மின்னும். நிறையில் 87 வீதம் வெள்ளியுள்ள கனிமம் அது. கலீனா என்ற ஈயக் கனிமம் என்றால் சீவ வராது, படிக்கட்டுப் படிக்கட்டாகச் சதுரமாக உடையும். மினிரன் வழுக்கிக்கொண்டு போய்த் தாளில் பென்சில் கோடு போடும். கறுப்பு மைக்கா ஏடு ஏடாகக் கழன்று, வளைத்துவிட்டால் திரும்ப நிமிரும். மக்னரைற்றில் கத்தி ஏறாது, காந்தத்தில் ஒட்டும். சும்மா கரிபோல் அப்பியிருந்தால் மாங்கனீசு ஒட்சைட்டாக இருக்கலாம். மருந்துக் கடை ஐதரசன் பேரொட்சைட்டு ஒரு துளி விட்டால் பொங்கி நுரைக்கும். ஆனால் நுரைத்துவிட்டது என்று கல்லை எறியவேண்டாம். வெள்ளி நாளங்கள் பலவற்றில் மாங்கனீசு கூடவே இருக்கும், கறுப்புக்குள் கறுப்பு ஒளிந்திருக்கும்.

சிவப்பு மணிக்கும் இதே கதை. பைரார்ஜிரைற் என்ற செவ்வெள்ளிக் கனிமம் மேலே சாம்பல் கறுப்பாக இருந்தாலும், மெல்லிய விளிம்பில் ரோச் அடித்தால் மாதுளைச் சிவப்பு தெரியும். மெருகிடாத ஓட்டில் தேய்த்தால் ஊதா கலந்த சிவப்புக் கோடு விழும். நைஸ் என்ற உருமாறிய பாறையில் பொட்டுப் பொட்டாக இருக்கும் கார்னெட்டும் சிவப்புத்தான், ஆனால் அதில் கத்தி ஏறாது, ஓட்டில் நிறமும் விடாது. செவ்வெள்ளியை வெளிச்சத்தில் வைத்திருந்தால் கறுத்துப்போகும், எடுத்தவுடன் இருட்டுப் பைக்குள் போடுங்கள்.

வில்லை காட்டாததையும் சொல்லவேண்டும். ஒரு தொன் கல்லில் 300 கிராம் வெள்ளி என்பது நல்ல கல். அது முழுவதும் அகந்தைட்டாக இருந்தால் ஒரு கிலோ கல்லுக்குள் மொத்தம் 3.6 மில்லிமீற்றர் பக்கமுள்ள ஒரு சின்னக் கனத்துண்டு அளவுதான் வரும். அதைத் தூளாக்கிக் கல் முழுக்கத் தூவியிருந்தால் கறுப்புப் புகைக்கோடு ஒன்று தெரியலாம், தெரியாமலும் போகலாம். கலீனாவுக்குள்ளும் தெத்திராகெதரைற்று என்ற செம்புக் கனிமத்துக்குள்ளும் கலந்திருக்கும் வெள்ளியை எந்த வில்லையாலும் பார்க்க முடியாது. ஆகவே வில்லைக்குள் நல்லாகத் தெரிந்த கல்லை மட்டும் பொறுக்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் முடிவு உங்களையே ஏமாற்றும். நாளத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, நல்லது கெட்டது பாராமல், ஒரே அளவில் கொத்தி ஒன்று இரண்டு கிலோ எடுத்துப் பையில் கட்டுங்கள். அழகான துண்டுக்கு வேறு பை, வேறு இலக்கம்.

எக்ஸ்ஆர்எப் துப்பாக்கி, அதாவது கல்லில் என்ன மூலகம் எவ்வளவு என்று எக்ஸ் கதிரால் அளக்கும் கைக்கருவி, இருந்தால் வில்லை எதற்கு என்பார்கள். அந்தக் கருவி ஒரு சதம் நாணயத்திலும் குறைந்த வட்டத்தைத்தான் வாசிக்கிறது. எந்த வட்டத்தில் வைப்பது என்று சொல்வது வில்லை. இன்னொன்று, துப்பாக்கியின் எக்ஸ் கதிர்க் குழாயில் அனோட்டு, அதாவது நேர்மின்வாய், வெள்ளியாக இருந்தால் அதன் சொந்த வெள்ளிக் கோடே கல்லின் வெள்ளிக் கோட்டோடு குழம்பும். வெள்ளி தேடப் போகிறவர் தங்குதன் போன்ற, வெள்ளி அல்லாத அனோட்டு உள்ளதைக் கேட்டு வாங்கவேண்டும். ஈரக் கல்லில் வைத்தால் அளவு குறைந்து காட்டும்.

வன்னியில் இந்த வில்லைக்கு என்ன வேலை? எப்பிதேமல் வெள்ளி இங்கே கிடைக்கும் என்று எண்ணி வாங்கவேண்டாம். இலங்கையின் புவிச்சரித வரைபடத்தில் "வன்னித் தொகுதி" என்று இந்த மண்ணின் பெயரிலேயே ஒரு பாறைத் தொகுதி இருக்கிறது. அது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 20 கிலோமீற்றர் அளவு ஆழத்தில் வெந்து உருமாறிய நைஸ் பாறை. மேலே எரிமலை நாளம் இருந்திருந்தாலும் அந்த மட்டமெல்லாம் எப்போதோ கரைந்து கடலுக்குப் போய்விட்டது. கனகராயன் ஆற்றின் பெயரில் கனகம் இருக்கிறது, மணலில் மினுங்குவது காக்காப்பொன். வவுனியாக் கருங்கல் குவாரிகளில் தெரியும் வெள்ளைக் குவாட்ஸ் நாளங்களை வில்லைக்குள் பாருங்கள்: பால்போல் ஒரே கட்டி, பட்டை இல்லை, தகடு இல்லை, வெற்றிடம் இல்லை. எப்பிதேமல் அல்லாத நாளம் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. புவிச்சரிதவியல் படித்துவிட்டு வெளிநாட்டுச் சுரங்க முகாமுக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது இலவசப் பயிற்சி. கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைற்றையும் மக்னரைற்றையும் காந்தத்தால் பிரித்துப் பழகலாம்.

பழகப் போகிறவர்கள் திறந்த குவாரி முகத்திலும் றோட்டு வெட்டிய கரையிலும் நில்லுங்கள், குவாரிக்காரரிடம் கேட்டுவிட்டு. மிதிவெடிப் பலகை இருக்கும் காட்டுக்குள் கல்லுக்காக ஒரு அடிகூட வைக்கக்கூடாது. கனிமம் தேடுவதற்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் வேண்டும். கையில் ஒரு துண்டை வைத்துப் பார்ப்பது வேறு, குழி தோண்டுவது வேறு.

பராமரிப்பு. பெலோமோவின் உலோக மூடி நல்லது, ஆனால் கச்சான் அடிக்கும் நாட்களில் கிரவல் தூசி அதற்குள்ளும் புகும். அந்தத் தூசியில் குவாட்ஸ் மணி இருக்கிறது, அது கண்ணாடியைவிடக் கடினம். சேட்டு நுனியால் துடைத்தால் ஒரு வருடத்தில் வில்லை மங்கிவிடும். முதலில் காற்று ஊதும் பந்தால் ஊதுங்கள், பிறகு மென்மயிர்த் தூரிகை, கடைசியில்தான் ஈரத் துணி. மாரியில் தோல் பைக்குள் வைத்துப் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்; சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மடிப்புத் திருகு காலப்போக்கில் தளரும், சின்னத் திருப்புளியால் கால் சுற்று இறுக்கினால் போதும், அதற்கு மேல் இறுக்கினால் மூடி திறக்கவே அடம்பிடிக்கும். வந்த கையோடு செந்நிறக் கயிறொன்றைக் கட்டிக் கழுத்தில் போடுங்கள். காட்டுப் புல்லுக்குள் விழுந்தால் கறுப்புக் கயிறு கண்ணில் படாது.