ஒரே பக்கத்தில் விரியும் தேவாரம்

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் உள்ள வீட்டை விற்றுவிட்டுத் திருநெல்வேலிக்கே திரும்பிவிடலாமா என்று அம்மா ஓராண்டாக யோசித்துக்கொண்டிருக்கிறார். இதற்காக ஜோசியரிடம் போக அவருக்கு மனமில்லை. தாத்தா காலத்தில் முக்கியமான எதற்கும் திருமுறையில் கயிறு சாத்திப் பார்ப்பதே எங்கள் வீட்டு வழக்கம் என்பதால், தேவாரம் ஒன்று வாங்கி வரச் சொன்னார். இறைவனிடம் மனத்தில் உள்ளதைச் சொல்லி, ஏட்டுக்கட்டின் இடையே நூலைச் செருகி, அது விழுந்த ஏட்டிலுள்ள பதிகத்தையே விடையாகக் கொள்வது பழைய முறை. இன்று ஏட்டுக்குப் பதில் அச்சுப் புத்தகம். கயிற்றுக்கு, அம்மா பழைய பட்டுச்சேலையிலிருந்து உருவி வைத்திருக்கும் சிவப்பு இழை.

மாட்டுங்கா கிழக்கில் ஊதுபத்திக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவே பக்தி நூல்கள் அடுக்கியிருந்த ஒரு கடையில் தேடினேன். தேவாரத்தின் ஏழு திருமுறைகளும் முழுத் தொகுதிகளாக இருந்தன. அவற்றை லோக்கல் ரயிலில் தூக்கி வரச் சோம்பல்பட்டு, 350 ரூபாய்க்குக் கையடக்கத் திரட்டு ஒன்றை வாங்கினேன்.

பதிகத் தேர்வில் குறையில்லை. ஒவ்வொன்றுக்கும் தலம், பண், திருமுறை எண் எல்லாம் உண்டு. கோளறு பதிகத்தின் மேல் 'இரண்டாம் திருமுறை, 85, பியந்தைக் காந்தாரம்' என்று தெளிவாகப் போட்டு, மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரை நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்ததையும், அதற்கு விடையாக இந்தப் பதிகம் மறைக்காட்டில் (இன்றைய வேதாரண்யத்தில்) பிறந்ததையும் நான்கே வரியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பாடலைப் பதம் பிரிக்காமல் சீர் பிரித்தே அச்சிட்டிருப்பதால், 'சனிபாம் பிரண்டு முடனே' என்ற இடத்தில் என் மகள் திணறி, 'பிரண்டு' என்றால் என்ன என்று கேட்டாள். இராகுவும் கேதுவுமான பாம்பு இரண்டும் என்று விளக்கிய பிறகே அவளுக்கு அது விளங்கியது. புதிதாகப் படிப்பவர்களுக்காக வரும் பதிப்பில் இது சிறிய குறையன்று.

பெரிய குறை கட்டுமானத்தில் இருக்கிறது. தையல் இல்லாமல் பசையால் மட்டும் ஒட்டிய முதுகு. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கோளறு பதிகத்தையே விரித்துப் பார்த்திருப்பார்கள் போலும், அந்த இடத்தில் பசை வெடித்திருந்தது. முதல் வெள்ளிக்கிழமை அம்மா கண்களை மூடி இழையைச் செருகினார். கோளறு பதிகம் வந்தது. 'புறப்படு என்கிறார்' என்று அவர் கண்கலங்கியபோது எனக்கும் சிலிர்த்தது. அடுத்த வாரம் என் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார், அதே பக்கம். மூன்றாம் வாரமும் அதே பக்கம் வரவே, நான் புத்தகத்தை மேசைமேல் நிறுத்திக் கையை எடுத்துக் காட்டினேன். நூலே இல்லாமல் அது அங்கேயே விரிந்தது.

திரட்டு நூல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 25 பதிகங்கள் கொண்ட அகத்தியர் தேவாரத் திரட்டு போன்றவை நாள்தோறும் பாராயணம் செய்வதற்கு மிகப் பொருத்தமானவை. கயிறு சாத்துவதற்கு மூவர் பாடிய 8,000-க்கும் மேற்பட்ட பாடல்களும் இருக்கும் முழுத் தேவாரமே வேண்டும் என்பது என் கருத்து. திரட்டில் விடையின் பாதியைத் தொகுத்தவரே முன்கூட்டித் தேர்ந்துவிடுகிறார்.

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தரச் சம்மதித்தார். கூடுதல் பணம் கொடுத்து, நூல் தையல் போட்ட முழுத் தொகுதிகளையே எடுத்துக்கொண்டேன். வாங்குபவர்கள் முதுகை மேலிருந்து பார்த்து, தாள்கள் மடிமடியாகத் தைக்கப்பட்டிருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். திரட்டை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மூன்று முறை வந்த பதிகத்தை எப்படிக் கடையில் விடுவது என்று அம்மா அதைப் பூசை அலமாரியில் வைத்துவிட்டார். வீட்டுத் தரகரையும் இந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.