சூரான் ரான்சர்: போர்ட்ரெய்ட்டுக்கு எப்படி?

1947-ல் அமெரிக்காவில் சூரான் நிறுவனம் வெளியிட்ட மூக்குக் கண்ணாடி பிரேம், பெயர் ரான்சர். மேலே தடித்த பிளாஸ்டிக் புருவப்பட்டை, கீழே மெல்லிய உலோக வளையம். 1950-களின் அமெரிக்கக் குடும்ப ஆல்பங்களில் அப்பாக்கள், வாத்தியார்கள் முகத்தில் இந்தச் சாயல்தான். யார் மாட்டினாலும் பத்து வயது கூடும், கொஞ்சம் கண்டிப்பும் ஏறும்.

படமெடுக்கும்போது தொல்லை தருவதும் அந்தப் பட்டையே. விளக்கை உயர்த்தினால் நிழல் நேராகக் கண்ணில் விழும். இறக்கினால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு. பழைய கண்ணாடி லென்ஸில் பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங் கிடையாது, இரு பரப்பிலும் சேர்த்து 8 சதவீத வெளிச்சம் திரும்பும். விளக்கைப் பக்கவாட்டில் 45 டிகிரிக்கு மேல் தள்ளி, நிழலைத் தணிக்க மார்பளவில் வெள்ளை அட்டை பிடியுங்கள். காதுக் கொக்கியை ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் லென்ஸ் முன்சாய்ந்து மீதித் திட்டும் போய்விடும். கேமராவில் மாட்டும் போலரைசர் ஃபில்டரை நம்பாதீர்கள், ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதிக்கு மேல், தின்றும் நேர்முகப் பிரதிபலிப்பு அப்படியே நிற்கும்.

ஆட்டோஃபோகஸ் புருவப்பட்டையையே கவ்வும். 85 மி.மீ. கேமரா லென்ஸில் துளை அளவு எஃப் 4, ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கருவிழியில் வையுங்கள். மைனஸ் பவர் அதிகமென்றால் மூக்குக் கண்ணாடி லென்ஸுக்குள் கன்ன விளிம்பு உள்ளே ஒடுங்கித் தெரியும். முகத்தைப் பக்கம் திருப்பாதீர்கள்.

பழையதை வாங்கினால் மூக்குப் பட்டையில் பச்சைக் களிம்பு இருக்கும். சோப்பு நீர், மென்மையான பிரஷ் போதும். இறுகிய திருகில் முதலில் ஒரு சொட்டு எண்ணெய். அவசரப்பட்டால் தலை வழுக்கிவிடும். லென்ஸைக் கழற்றி வெறும் பிரேமோடு எடுப்பது சுலபம்தான், ஆனால் பார்வையில் உயிர் இருக்காது.