மேசா கொல்லையில் கோழிக்கு நிழல், நமக்குச் சாப்பாடு: ஏழு வருட அனுபவம்

சீமைக்கருவேல இனத்து மரம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி நட்டிருக்கிறேன் என்று போனில் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஏன்டா, அங்கயும் அந்தச் சனியன்தானா?" என்றார். ராமநாதபுரத்துக்காரர். சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுள் போனவர்.

நான் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய மேசா. வருடத்துக்கு இருபது சென்டிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. 2018ல் வீடு வாங்கியபோது கொல்லையில் சரளைக்கல்லைத் தவிர ஒன்றுமில்லை. முதலில் மரம், 2020 வசந்தத்தில் கோழி. அந்தக் கோடையிலேயே இரண்டு கோழிகள் செத்தன. கூண்டுக்குத் தகரக் கூரை இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால் மாலை நான்கு மணிக்கு மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயிலைக் கூரை தடுக்காது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். செத்த இரண்டுமே உடல் பருத்த ஆர்பிங்டன் ரகம். பெரிய கொண்டையும் ஒல்லி உடம்பும் உள்ள லெகார்ன் ரகக் கோழிகள் பிழைத்துக்கொண்டன. அன்றிலிருந்து எந்த மரத்தைப் பற்றியும் எனக்கு ஒரே கேள்விதான்: ஜூலை மாதம் நான்கு மணிக்கு இதன் நிழல் எங்கே விழும்?

இந்தக் கேள்வியில் முதல் மார்க் மல்பெரிக்கு. பாகிஸ்தான் மல்பெரி என்று விற்கிறார்கள், பழம் விரல் நீளம் இருக்கும். கூண்டுக்கு மேற்கே வைத்தேன். ஐந்தே வருடத்தில் கூண்டு முழுவதையும் மூடியது. ஏப்ரல், மே மாதங்களில் நாங்கள் பறித்தது போக, உதிர்வதையெல்லாம் கோழிகளே பொறுக்கிவிடும். தரையில் கறை என்று மற்றவர்கள் புலம்புவார்கள், எனக்கு அந்தத் தொல்லை இல்லை. குளிர்காலத்தில் இலை கொட்டிவிடுவதால் கூண்டுக்கு அப்போது வெயிலும் கிடைக்கிறது. 2023ல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 செல்சியஸுக்குக் குறையாமல் காய்ந்ததே, அந்த மாதம் ஒரு கோழி கூடச் சாகவில்லை. எல்லாம் மரத்தின் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். நீர்த்தூவி வைத்த மின்விசிறியும் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ்கட்டியும் கூடவே இருந்தன.

முருங்கைக்கு ஆசைதான் காரணம். கிழக்கு ஓரம் வைத்தேன். பனி விழும் நாலு இரவில் தரைமட்டம் வரை கருகிவிடும், மார்ச்சில் தூரிலிருந்து வெடித்து ஜூலைக்குள் பன்னிரண்டு அடி. "முருங்கையை ஒடித்து வளர்" என்பார்கள், இங்கே அந்த வேலையைப் பனியும் புழுதிப்புயலும் செய்துவிடுகின்றன. கீரை எங்களுக்கும் கோழிக்கும் தாராளம். நிழலுக்கு நம்ப வேண்டாம்.

சரி, அப்பாவை வாயடைக்க வைத்த அந்த மரத்துக்கு வருவோம். இங்கே மெஸ்கீட் என்கிறார்கள். நான் வைத்தது இந்தப் பாலைவனத்துக்கே சொந்தமான வெல்வெட் மெஸ்கீட், நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஓதாம் மக்கள் காலங்காலமாக இதன் காயை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டவர்கள். ஜூன் கடைசியில், மழைக்காலம் தொடங்கும் முன்பே பறித்துவிட வேண்டும். நனைந்த காயில் நச்சுப்பூஞ்சை வரும். நொறுங்கும் பதத்துக்குக் காயாவிட்டால் மிக்ஸியில் பிசின் போல ஒட்டிக்கொள்ளும், ஒரு ஜார் எனக்குப் பலி. மாவு வெல்லம் போட்டது போல் லேசான இனிப்பு. பணியாரத்தில் கால் பங்கு சேர்க்கிறோம். காய்க்குள்ளிருந்து வரும் வண்டு கோழிக்கு. நிழல் மல்பெரி அளவுக்கு அடர்த்தி இல்லை, சல்லடை நிழல்.

பக்கத்து வீட்டில் அடிமரத்தை ஒட்டியே சொட்டுநீர் விட்டிருந்தார்கள். வேர் மேலோடு நின்று, ஒரு ஆகஸ்ட் காற்றில் மரமே சாய்ந்தது. மறுநாளே என் குழாய்களைக் கிளை விளிம்புக்கு நகர்த்தினேன். அடிக்கடி கொஞ்சம் விடுவதை நிறுத்திவிட்டு, மூன்றடி ஆழம் ஊறும்படி இடைவெளி விட்டுப் பாய்ச்சுகிறேன்.

குழி வெட்டுவது தனிக் கதை. சில இடங்களில் இரண்டடிக்குக் கீழே சுண்ணாம்பு இறுகிய பாறை அடுக்கு, கடப்பாரை தெறிக்கும். குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள், மறுநாளும் வற்றாமல் நின்றால் வேறு இடம் தேடுங்கள். அத்திக்கு இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டேன், வேர் அழுகிப் போயிற்று. அவகாடோ கேட்பவர்களுக்கு: அதன் இலை கோழிக்கு விஷம்.

மரத்துக்கு முதல் இரண்டு வருடம் வெயிலை விடப் பெரிய எதிரி கோழிதான். ஈர மண்ணைக் கண்டால் புழுதிக்குளியல் போட ஓடிவரும். மல்பெரியின் வேரை ஒரே வாரத்தில் வெளியே காட்டிவிட்டன. கம்பி வலையைத் தரையோடு விரித்து, மேலே பெரிய கற்களை அடுக்கியதும்தான் நின்றது. எச்சத்தைப் பச்சையாகத் தூரில் போடாதீர்கள், மட்க வைத்த பிறகு போடுங்கள். இளம் தண்டுக்கு வெள்ளை லேடெக்ஸ் பெயின்டைத் தண்ணீர் கலந்து பூசிவிட்டால் பட்டை வெடிக்காது.

கோழி வளர்க்க 2024ல் வந்த மாநிலச் சட்டம் கைகொடுக்கும். அரை ஏக்கருக்கு மேற்படாத தனி வீட்டின் கொல்லையில் ஆறு கோழி வரை வைப்பதை நகராட்சி தடுக்க முடியாது. குடியிருப்போர் சங்க விதி வேறு, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன ஜூனில் அப்பா வந்திருந்தார். விடியற்காலையில் எழுந்து இரண்டு கூடை மெஸ்கீட் காய் பறித்துக் கொடுத்தார். பணியாரத்தை மட்டும் தொடவில்லை.